கொரோனா காலத்து மரணங்கள்: காரணத்தை எழுதியது யார்? எண்ணியது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு மருத்துவமனையின் ஆவணப் பிரிவில் வேலை பார்த்தவன் நான். 2020, 2021 இரண்டு வருஷமும் என் மேசைக்கு வந்து போனவற்றில் பாதிக்கு மேல் இறப்புக் காகிதங்கள்தான். இன்றைக்கும் கல்யாண வீட்டில், பஸ் ஸ்டாண்டில், எங்கேயாவது ஒருவர் பிடித்துக்கொள்கிறார்: “எங்கப்பா கொரோனாவுலதான் போனாரு, பேப்பர்ல அப்படிப் போடலையே, ஏன் சார்?” திரும்பத் திரும்ப வந்த கேள்விகளையும் அவற்றுக்கு நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

இறப்புக்கு இதுதான் காரணம் என்று முடிவு செய்வது யார்?

கடைசியாகச் சிகிச்சை பார்த்த மருத்துவர். பரிசோதனைக் கூடமோ, கலெக்டர் அலுவலகமோ, பதிவாளரோ இல்லை. 1969-ஆம் ஆண்டின் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டப்படி, மருத்துவமனையில் இறந்தவருக்குப் படிவம் 4. வெளியே இறந்தவருக்கு, அவரைக் கவனித்து வந்த மருத்துவர் இருந்தால் படிவம் 4ஏ. அந்தப் படிவம் பதிவாளருக்குப் போகும். தமிழ்நாட்டுக் கிராமங்களில் வி.ஏ.ஓ. பதிவாளர், நகரங்களில் பெரும்பாலும் சுகாதார ஆய்வாளர். அவர்கள் பதிவு செய்வார்கள். காரணத்தைத் தீர்மானிக்கும் வேலை அவர்களுடையது இல்லை. பிறகு அந்த வரிகள் ஐசிடி-10 என்ற உலக நோய்ப் பட்டியலின்படி குறியீடாக மாறும். பரிசோதனையில் உறுதியான கோவிட்டுக்கு யு07.1, பரிசோதனையில் வைரஸ் தென்படாமல், அறிகுறிகளையும் தொடர்புகளையும் வைத்து மருத்துவர் முடிவு செய்த கோவிட்டுக்கு யு07.2. இரண்டும் கோவிட் மரணம்தான்.

அந்தப் படிவத்தில் என்னதான் இருக்கும்?

ஒரு உதாரணம் போட்டுக் காட்டுகிறேன். 58 வயது ஆண்.

முதல் பகுதி
(அ) நுரையீரல் செயலிழப்பு (ஏ.ஆர்.டி.எஸ்.) – 2 நாள்
(ஆ) நிமோனியா – 8 நாள்
(இ) கோவிட்-19, பரிசோதனையில் உறுதியானது – 12 நாள்

இரண்டாம் பகுதி
சர்க்கரை நோய் – 14 வருஷம். ரத்தக்கொதிப்பு – 6 வருஷம்

இதைக் கீழிருந்து மேலே படிக்க வேண்டும். கோவிட் வந்தது, அதனால் நிமோனியா, அதனால் நுரையீரல் கைவிட்டது. முதல் பகுதியின் கடைசி வரிக்குத்தான் ‘அடிப்படைக் காரணம்’ என்று பெயர். ஒருவருக்கு எத்தனை நோய் எழுதியிருந்தாலும் நாட்டின் புள்ளிவிவரத்துக்குப் போவது அந்த ஒன்றுதான். மரணத்தில் கொண்டுபோய் விட்ட சங்கிலியைத் தொடங்கி வைத்தது எது என்பதே கேள்வி. இரண்டாம் பகுதியில் வருவது, நிலைமையை மோசமாக்கிய, ஆனால் சங்கிலியில் சேராத நோய்கள்.

வலது ஓரத்தில் ‘எத்தனை நாள்’ என்று கேட்கும் ஒரு கட்டம் உண்டு. என் கைக்கு வந்த படிவங்களில் அதிகம் காலியாக இருந்தது அதுதான். ஆனால் சங்கிலி சரியா தப்பா என்பதை அதை வைத்துத்தான் கண்டுபிடிக்க முடியும். நிமோனியா 8 நாள், கோவிட் 3 நாள் என்று இருந்தால் எங்கேயோ உதைக்கிறது என்று குறியீடு போடுபவருக்குத் தெரிந்துவிடும்.

படிவத்தின் அடியில் கிழித்துக் கொடுக்கும்படி ஒரு துண்டு இருக்கும். இன்னார் இந்தத் தேதியில் சேர்ந்தார், இந்தத் தேதியில் இறந்தார் என்று மட்டும் அதில் இருக்கும். நோயின் பெயர் இருக்காது. பல குடும்பங்கள் பத்திரமாக வைத்திருந்தது அந்தத் துண்டைத்தான்; பின்னால் அரசின் கொரோனா நிவாரணப் பணத்துக்கு அலைந்தபோது அது உதவவில்லை.

‘இதயம் நின்றதால் இறந்தார்’ என்று எழுதினால் என்ன தப்பு?

எல்லோருக்கும் கடைசியில் இதயம் நிற்கத்தான் செய்யும். கார்டியோ ரெஸ்பிரேட்டரி அரெஸ்ட் என்பது சாகும் விதம், சாவின் காரணம் இல்லை. அதை மட்டும் படிவத்தில் எழுதிக்கொடுத்தால் அது எந்தத் தகவலும் தராத ஒரு தாள். ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) 2020-இல் வெளியிட்ட வழிகாட்டியிலும் இதை அடிப்படைக் காரணமாக எழுத வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள்.

ஆனாலும் எழுதினார்கள். 2021 மே மாதம் ராத்திரி மூன்று மணிக்கு, கவச உடைக்குள் வேர்த்துக் கொட்டிக்கொண்டு ஒரு ஹவுஸ் சர்ஜன். உள்ளே போன காகிதம் வெளியே வரக்கூடாது என்பதால் போனில் விவரம் சொல்வார். வெளியே இன்னொருவர் படிவத்தை நிரப்புவார். அடுத்த படுக்கையில் ஆக்சிஜன் இறங்கிக்கொண்டிருக்கும்போது “சி.ஆர்.ஏ.னு போட்டுக்கோ” என்று முடித்துவிடுவார்கள். மறைக்க வேண்டும் என்று யாரும் அப்போது நினைத்ததாக எனக்குத் தோன்றவில்லை. ஆனால் அந்த வரி ஒரு குடும்பத்தை ஆறு மாதம் அலையவிட்டது.

சர்க்கரை நோயாளி கொரோனா வந்து இறந்தால், அது கொரோனாவால் வந்த சாவா, கொரோனாவோடு வந்த சாவா?

இந்தக் கேள்விக்கு டீக்கடையிலிருந்து டிவி விவாதம் வரை எல்லோரும் பதில் சொன்னார்கள். படிவத்தின் கணக்கு எளிமையானது. மாத்திரை போட்டுக்கொண்டு பதினான்கு வருஷம் வேலைக்குப் போய்வந்த மனுஷர், கோவிட் வந்த பன்னிரண்டாம் நாள் இறந்தார் என்றால், சங்கிலியைத் தொடங்கியது கோவிட். சர்க்கரை இரண்டாம் பகுதிக்குப் போகும்.

உலக சுகாதார நிறுவனம் 2020 ஏப்ரலில் கொடுத்த வரையறையும் இதுதான்: கோவிட்டோடு பொருந்தும் நோய்நிலையில், கோவிட் உறுதியானவரோ சந்தேகத்துக்கு உரியவரோ இறந்தால், அது கோவிட் மரணம். விபத்து மாதிரி, கோவிட்டுக்குச் சம்பந்தமே இல்லாத வேறு காரணம் தெளிவாக இருந்தால் மட்டும் விலக்கு. நடுவில் முழுசாகக் குணமாகியிருக்கவும் கூடாது. லாரி மோதி இறந்தவருக்குப் பரிசோதனை பாசிட்டிவ் என்று வந்தாலும் அது லாரி மரணம்தான்.

நடுவில் நிஜமாகவே கஷ்டமான இடங்கள் உண்டு. புற்றுநோய் முற்றி, நாள் குறித்த நிலையில் இருப்பவர்; காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை, சேர்க்கும்போது வழக்கமாக எடுத்த பரிசோதனையில் பாசிட்டிவ். இவருக்கு அடிப்படைக் காரணம் புற்றுநோய் என்று எழுதினால் தப்பில்லை. கோவிட் வந்த ஐந்தாம் நாள் மாரடைப்பு வந்த நாற்பது வயதுக்காரர் விஷயம் வேறு. இந்த வைரஸ் ரத்தத்தைக் கட்டியாக்கும் என்பது தெரிந்த பிறகு, அந்த மாரடைப்பைத் தனியாகப் பிரித்து எழுதுவது சரியில்லை. இரண்டு நேர்மையான டாக்டர்கள் ஒரே கேஸ் ஷீட்டைப் பார்த்து இரண்டு விதமாக எழுதக்கூடிய இடங்கள் இவை.

இன்னொன்றும் சொல்லவேண்டும். தமிழ்நாட்டின் தினசரி அறிக்கையில் இறந்தவர்களை இணைநோய் உள்ளவர், இல்லாதவர் என்று பிரித்துப் போட்டார்கள். ஒவ்வொரு மரணத்துக்கும் வயது, மாவட்டம், என்ன தொந்தரவோடு எப்போது சேர்ந்தார் என்று எழுதியதைப் பாராட்டவேண்டும். பல மாநிலங்கள் அதைக்கூடச் செய்யவில்லை. ஆனால் அந்தப் பிரிவினை மக்கள் காதில் விழுந்த விதம் வேறு. “அவருக்கு ஏற்கெனவே சுகர், அதான்” என்று சொல்லி நகர்ந்துவிட்டோம்.

பரிசோதனையில் நெகட்டிவ், சிடி ஸ்கேனில் மட்டும் நுரையீரல் பாதிப்பு. இது கணக்கில் வருமா?

விதிப்படி வரும், யு07.2 இருப்பதே இதற்காகத்தான். மூக்கில் எடுத்த மாதிரியில் தப்பிவிட்டு நெஞ்சுக்குள் வைரஸ் இருப்பது சாதாரணம். நடைமுறையில் பாசிட்டிவ் காகிதம் இல்லாதவரைத் தினசரிக் கணக்கில் சேர்க்காத இடங்கள் ஏராளம். படிவத்தில் ‘வைரல் நிமோனியா’ என்று எழுதி விட்டுவிடுவார்கள்.

பாசிட்டிவாக இருந்து நெகட்டிவ் ஆன பிறகு இறந்தவர்கள்?

அதிகச் சண்டை இங்கேதான். பதினைந்தாம் நாள் நெகட்டிவ், இருபத்திரண்டாம் நாள் வென்டிலேட்டரிலேயே மரணம். வைரஸ் போய்விட்டது, ஆனால் நுரையீரல் திரும்பவில்லை. சங்கிலியைப் பார்த்தால் இது கோவிட் மரணம். பரிசோதனைத் தாளை மட்டும் பார்த்தால் இல்லை.

2021 ஜூன் 30-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் இறப்புச் சான்றிதழுக்கு எளிய வழிமுறை வகுக்கச் சொன்னது. செப்டம்பர் 3-ஆம் தேதி சுகாதார அமைச்சகமும் ஐ.சி.எம்.ஆரும் விதி வெளியிட்டன: பரிசோதனை நாளிலிருந்தோ, மருத்துவர் கோவிட் என்று முடிவு செய்த நாளிலிருந்தோ 30 நாளுக்குள் இறந்தால் கோவிட் மரணம், அது வீட்டில் நடந்தாலும் சரி. மருத்துவமனையில் சேர்ந்தவர் வெளியே வராமலே 30 நாள் தாண்டி இறந்தாலும் கோவிட் மரணமே. விஷம், விபத்து, கொலை, தற்கொலை ஆகியவற்றை விலக்கியிருந்தார்கள். தற்கொலையை விலக்கியது பற்றி நீதிமன்றம் கேள்வி எழுப்பவே, பாசிட்டிவ் ஆன 30 நாளுக்குள் தற்கொலை செய்துகொண்டவர் குடும்பத்துக்கும் நிவாரணம் உண்டு என்று மத்திய அரசு ஒத்துக்கொண்டது.

நாள் கணக்கு வைத்துக் கோடு போடுவது எங்கேயும் கைக்கு அடங்காத வேலைதான். இங்கிலாந்தில் முதலில் கோடே இல்லை. ஒருமுறை பாசிட்டிவ் ஆனவர் எப்போது இறந்தாலும் கணக்கில் சேர்ந்தார். 2020 ஆகஸ்ட் 12-ஆம் தேதி 28 நாள் என்று வரம்பு வைத்தார்கள். அன்று ஒரே நாளில் மொத்த எண்ணிக்கை 5,377 குறைந்தது. செத்தவர் யாரும் எழுந்து வரவில்லை, கோடு மட்டும் நகர்ந்தது.

வீட்டிலேயே இறந்தவர்களுக்கு என்ன செய்தார்கள்?

பெரும்பாலும் ஒன்றும் செய்யவில்லை. தகவல் சொன்ன மகனோ பக்கத்து வீட்டுக்காரரோ “நெஞ்சுவலி” என்றால் நெஞ்சுவலி, “வயசாயிடுச்சு” என்றால் முதுமை. 2020-இல் இந்தியாவில் பதிவான சாவுகள் 81 லட்சம். அதில் மருத்துவர் காரணம் எழுதிக் கொடுத்தவை 18 லட்சம் சொச்சம், அதாவது 22.5 சதவீதம். மீதி நாலில் மூன்று பங்குக்கும் மேல், என்ன நோய் என்று ஒரு டாக்டரின் கையெழுத்து இல்லாமலே பதிவேட்டில் ஏறியவை. இது கொரோனா காலத்துக் கோளாறு இல்லை. நம் ஊரில் எப்போதும் உள்ள நிலைமை. கொரோனா அதை வெளிச்சம் போட்டுக் காட்டியது.

இதற்கு ஒரு மாற்று வழி உண்டு. பயிற்சி பெற்ற ஊழியர் ஒருவர் சில மாதம் கழித்து வீட்டுக்குப் போய், “காய்ச்சல் எத்தனை நாள் இருந்தது? மூச்சு வாங்கியதா? கால் வீங்கியதா?” என்று விசாரித்து எழுதிக்கொள்வார். அதை இரண்டு மருத்துவர்கள் தனித்தனியே படித்துக் காரணம் சொல்வார்கள். இந்தியாவில் 2000-களின் தொடக்கத்திலிருந்து இப்படி லட்சக்கணக்கான சாவுகளை ஆராய்ந்திருக்கிறார்கள். மலேரியாவுக்கும் புகையிலைக்கும் எத்தனை பேர் பலியாகிறார்கள் என்பதுபற்றி நமக்குத் தெரிந்ததில் கணிசமான பகுதி இந்த வழியில் வந்ததுதான்.

பிரேதப் பரிசோதனை செய்திருந்தால் எல்லாம் தெரிந்திருக்குமே?

கொஞ்சம் தெரிந்திருக்கும். ஆனால் அறுப்பவருக்குத் தொற்று வரும் என்று பயந்து, கோவிட் உடல்களில் அதைத் தவிர்க்கவே சொன்னார்கள். தவிர, நோயால் வந்த சாவுக்கு நம் நாட்டில் உடற்கூறாய்வு வழக்கமே இல்லை. போலீஸ் கேஸ் என்றால்தான்.

இலங்கையில் உடல்களை எரிக்கச் சொன்னது இதோடு சம்பந்தப்பட்டதா?

நேரடியாக. 2020 ஏப்ரலில் கோவிட்டால் இறந்தவர்களை எரித்தே ஆகவேண்டும் என்று அங்கே வர்த்தமானி (அரசிதழ்) வந்தது. அடக்கம் செய்யலாம், ஆபத்தில்லை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியும் கேட்கவில்லை. ஆகவே ஒரு பிசிஆர் முடிவு என்பது அங்கே புள்ளிவிவரச் சமாச்சாரமாக மட்டும் இல்லை; பாசிட்டிவ் என்றால் ஜனாஸா மண்ணுக்குப் போகாது. முஸ்லிம் குடும்பங்கள் பரிசோதனை முடிவையே சந்தேகிக்கத் தொடங்கின, மையித்தைப் பொறுப்பெடுக்க மறுத்தன. 2021 பிப்ரவரி கடைசியில்தான் அடக்கத்துக்கு அனுமதி வந்தது. மட்டக்களப்பு மாவட்டத்து ஓட்டமாவடியில் இடம் ஒதுக்கினார்கள். 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது.

காரணத்தை எழுதுவதோடு ஒரு தண்டனையைக் கட்டிவிட்டால் காரணம் எழுதப்படாது. சென்னையில் ‘பேக் பண்ணிக் கொடுத்துடுவாங்க, முகம் பார்க்க முடியாது’ என்று பயந்து காய்ச்சலையே சொல்லாமல் விட்ட வீடுகள் எனக்குத் தெரியும்.

இறப்புச் சான்றிதழில் காரணமே இல்லையே, யாரோ மறைத்துவிட்டார்களா?

இல்லை. பொதுமக்களுக்குக் கொடுக்கும் சான்றிதழில் காரணத்தை வெளியிடக் கூடாது என்று 1969 சட்டத்தின் 17-ஆவது பிரிவே சொல்கிறது. காசநோய், எய்ட்ஸ் என்று எழுதிக் கொடுத்தால் அந்தக் குடும்பத்தின் கதி என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். கொரோனா நிவாரணம் வந்தபோது அந்த நல்ல ஏற்பாடே இடைஞ்சலாகிவிட்டது. அதனால்தான் 2021 அக்டோபர் 4-ஆம் தேதி உச்ச நீதிமன்றம், சான்றிதழில் கோவிட் என்று இல்லை என்ற ஒரே காரணத்துக்காக 50,000 ரூபாயை மறுக்கக் கூடாது என்று உத்தரவு போட்டது. 2023 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, மருத்துவர் எழுதும் காரணச் சான்றின் நகலை நெருங்கிய உறவினருக்குக் கொடுத்தாக வேண்டும். அன்றைக்கு இது இருந்திருந்தால் என் மேசை முன்னால் நின்ற கூட்டம் பாதியாகக் குறைந்திருக்கும்.

டிவியில் சொன்ன எண்ணும் பதிவேட்டில் உள்ள எண்ணும் ஏன் வேறு?

இரண்டும் வேறு வேறு குழாயில் வந்த தண்ணீர். டிவி எண் சுகாதாரத் துறையின் அன்றாடத் தகவல்: மருத்துவமனை மேலே அனுப்பும், மேலே கூட்டிச் சொல்வார்கள். அது வேகமானது, இன்று அறிவித்த சாவு போன வாரத்துச் சாவாகவும் இருக்கலாம். பதிவேடு என்பது சட்டப்படியான பதிவு. 21 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும், தாமதமாகவும் வரும். அது மெதுவானது, ஆனால் கனமானது.

2020 ஜூனில் சென்னை மாநகராட்சிப் பதிவேட்டில் இருந்த கோவிட் மரணங்கள் சில, மாநிலக் கணக்கில் இல்லை என்று தெரியவந்தது. குழு போட்டுச் சரிபார்த்து, ஜூலை 22-ஆம் தேதி 444 மரணங்களைச் சேர்த்தார்கள். மகாராஷ்டிரம் அதற்கு முந்தைய மாதமே 1,328 சேர்த்திருந்தது. பீகார் 2021 ஜூனில் ஒரே மூச்சில் 3,951. இதையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டது பெரு: 2021 மே 31-ஆம் தேதி தன் கணக்கை 69 ஆயிரத்திலிருந்து 1 லட்சத்து 80 ஆயிரமாக மாற்றிக்கொண்டது. மக்கள்தொகை விகிதத்தில் உலகிலேயே மோசமான நாடு என்ற பெயர் வரும் என்று தெரிந்தே செய்தார்கள். என்னைக் கேட்டால் அந்தப் பட்டியலில் மரியாதைக்குரிய இடம் அதுதான்.

இன்னொரு வேடிக்கை. 2020-இல் இந்தியாவின் டிவி கணக்குப்படி கோவிட் மரணங்கள் சுமார் 1.49 லட்சம். அதே வருஷம் மருத்துவர்கள் படிவத்தில் கோவிட் என்று எழுதியவை 1,60,618. மொத்தச் சாவுகளில் ஐந்தில் ஒரு பங்குச் சொச்சத்துக்குத்தான் படிவமே இருந்தது என்பதை மேலே சொன்னேன். அந்தச் சின்னப் பங்கிலேயே எண் டிவியைத் தாண்டிவிட்டது.

அப்படியானால் உண்மையான எண்ணிக்கை எப்படித் தெரியும்?

காரணத்தை விட்டுவிட்டுச் சாவை மட்டும் எண்ணுவார்கள். வழக்கமான வருஷத்தில் இத்தனை பேர் இறப்பார்கள், இந்த வருஷம் இத்தனை பேர். வித்தியாசம்தான் மிகை மரணம். கோவிட்டால் இறந்தவர், பெட் கிடைக்காமல் மாரடைப்பில் இறந்தவர், டயாலிசிஸுக்குப் போக வண்டி கிடைக்காதவர் எல்லோரும் அதில் வருவார்கள். ஊரடங்கில் குறைந்த சாலை விபத்து கழிந்துபோகும்.

இது பழைய வித்தை. 1918 இன்புளூயன்சாவில் பிரிட்டிஷ் இந்தியாவின் கிராமப் பதிவுகளில் பெரும்பகுதி சாவுகள் ‘காய்ச்சல்’ என்ற தலைப்பில்தான் ஏறின. அந்த வருஷம் அந்தத் தலைப்பு எவ்வளவு வீங்கியது என்பதை வைத்தே, கோடிக்கும் மேல் இறந்தார்கள் என்று கணக்கிட முடிந்தது.

சென்னையின் இறப்புப் பதிவேட்டை வைத்து நடந்த ஓர் ஆய்வு, 2020 மார்ச் முதல் 2021 ஜூன் வரை நகரில் சுமார் 26,000 மிகை மரணங்கள் என்றது. நாட்டளவில், 2020, 2021 இரண்டு வருஷத்துக்கு 47 லட்சம் என்று உலக சுகாதார நிறுவனம் 2022 மே மாதம் மதிப்பிட்டது. அதே இரண்டு வருஷத்துக்கு அரசுக் கணக்கு 4.81 லட்சம். கணக்கிட்ட முறையே தப்பு என்று இந்தியா எதிர்த்தது. பிறகு 2025-இல் வெளிவந்த அரசின் சொந்தப் பதிவேட்டுப்படி 2021-இல் பதிவான சாவுகள் 1.02 கோடி, முந்தைய வருஷத்தைவிட 21 லட்சம் கூடுதல். பதிவு செய்யும் பழக்கம் மேம்பட்டதும் அதில் ஒரு பங்கு என்பதை ஒத்துக்கொள்கிறேன். முழுசும் அதுதான் என்று சொன்னால், அந்த மே மாதம் மயானத்தில் டோக்கன் வாங்கி நின்றவர்கள் சிரிப்பார்கள்.

பணம் கிடைக்கும் என்று கூட்டி எழுதினார்களா?

குஜராத்தில் அரசுக் கணக்கு 10,000 சொச்சம். 2022 ஜனவரிக்குள் நிவாரணத்துக்கு ஏற்கப்பட்ட மனுக்கள் 68,000-க்கும் மேல். பொய்ச் சான்று கொடுத்தவர்கள் உண்டு, நீதிமன்றமே அதை விசாரிக்கச் சொன்னது. ஆனால் ஆறு மடங்கு வித்தியாசத்தைப் பொய்ச் சான்றால் மட்டும் விளக்கிவிட முடியாது. 30 நாள் விதி வந்ததும், முன்பு கணக்கில் விட்டுப்போனவர்கள் உள்ளே வந்தார்கள் என்பதே பெரிய காரணம்.

இப்போது திருத்த முடியுமா?

நிவாரணத்துக்கான வாசல் மூடிவிட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள். 2022 மார்ச் 20-க்கு முந்தைய மரணங்களுக்கு 60 நாள், அதற்குப் பிந்தையவற்றுக்கு 90 நாள் என்று அந்த மார்ச்சிலேயே உச்ச நீதிமன்றம் கெடு வைத்தது.

பதிவேட்டில் பிழை இருந்தால் திருத்த 1969 சட்டத்தின் 15-ஆவது பிரிவு இடம் கொடுக்கிறது. ஆதாரம் கேட்பார்கள்: பரிசோதனை முடிவு, சிடி ஸ்கேன் அறிக்கை, டிஸ்சார்ஜ் அல்லது டெத் சம்மரி, முடிந்தால் கேஸ் ஷீட் நகல். மருத்துவமனையில் எழுத்து மூலமாக விண்ணப்பம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். பழைய கேஸ் ஷீட்டுகளைச் சில வருஷத்துக்கு மேல் வைத்திருக்க மாட்டார்கள், அதனால் தள்ளிப்போடாதீர்கள். சிடி பிலிமைச் சுருட்டி பீரோ மேலே வைத்திருந்தால் முதலில் அதன் ஓரத்தில் உள்ள பெயரும் தேதியும் படிக்கிற மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள். அறிக்கைத் தாள் மங்கிப்போயிருந்தால் இன்றைக்கே ஒரு ஜெராக்ஸ் எடுத்துவிடுங்கள்.